லாரி வந்து போன ஐந்தாம் நாள்: ஏரிக்கரை வீடு ஒன்றின் செப்டிக் டேங்க்

வீடும் தொட்டியும்

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம், இப்போது மனைகள். மேலே ஒன்றரை அடிக்குக் கிராவல் நிரப்பியிருக்கிறார்கள், அதன்கீழ் முழுக்கக் களிமண். கோடையில் எட்டு, பத்து அடிக்கு இறங்கும் நிலத்தடி நீர் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டரை அடிக்கு ஏறிவிடும். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை.

40 அடிக்கு 80 அடி மனையில் 2009இல் கட்டிய வீடு. செப்டிக் டேங்க் பின்பக்கத்தில். உள்ளளவு 7 அடி நீளம், மூன்றரை அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் 4 அடி. கொள்ளளவு சுமார் 2,775 லிட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், உட்புறம் மட்டும் பூச்சு, நடுச்சுவர் இல்லை. அதிலிருந்து வெளியேறும் நீருக்கு நாலடி விட்டத்தில் எட்டு உறை இறக்கிய குழி. அந்தக் குழியிலிருந்து வீட்டு போர்வெல் 22 அடி தூரம்.

தொட்டியின் அளவில் குறை சொல்ல முடியாது. ஐந்து பேர் வீட்டுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதானால், 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீராழம் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470. அப்போது வீட்டில் இருந்த நான்கு பேருக்கு இந்தத் தொட்டி தாராளம். கோளாறு இருந்தது குழியில். அதைத் தோண்டியது மே மாதம். எட்டடிக்கும் வறண்ட மண் வந்ததால் எவருக்கும் சந்தேகம் எழவில்லை.

2017இல் ஒருமுறை கசடு எடுத்தார்கள். 2021இல் மாடியில் ஐந்து பேர் குடிவந்தார்கள். அப்போது மாடிக் குளியலறைக் குழாயையும் வாஷிங் மெஷின் குழாயையும் பிளம்பர் அருகிலிருந்த கழிவறை சேம்பரிலேயே இணைத்துவிட்டார். பத்தடிக் குழாய் மிச்சம்.

அக்டோபர் 2023: முதல் அடைப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்திலேயே கீழ்த்தளக் கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. மாடியில் ஃப்ளஷ் அழுத்தினால் கீழே நானி டிராப்பில், அதாவது தரை வடிகால் துளையில், குமிழி விட்டது. 28ஆம் தேதி லாரி வந்து தொட்டியை உறிஞ்சிவிட்டுப் போனது. கட்டணம் 2,500 ரூபாய். கிளம்பும்போது ஓட்டுநர், “உள்ள ஊத்து மாதிரி தண்ணி வருது சார்” என்றார். இந்த வீட்டில் அடுத்த மூன்று மாதத்தில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் மிகத் துல்லியமான வாக்கியம் அதுதான். அன்று அதை யாரும் காதில் வாங்கவில்லை.

நவம்பர் 2ஆம் தேதி, ஐந்தாம் நாள், மறுபடி அடைத்தது. கடையில் விற்கும் பாக்டீரியா பவுடர் இரண்டு பாக்கெட் போட்டார்கள். மாற்றம் இல்லை. பிறகு இரண்டு லிட்டர் ஆசிட் ஊற்றினார்கள். பவுடரால் கேடு இல்லை, பயனும் இல்லை. மனிதக் கழிவிலேயே வேண்டிய நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆசிட் கெடுதல். கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும், சிமெண்ட் பூச்சையும் அரிக்கும்.

ஆள் ஒருவர் வந்து, “நான் இறங்கி வாரிடறேன், மூவாயிரம் குடுங்க” என்றார். வீட்டார் மறுத்துவிட்டார்கள். செப்டிக் டேங்கில் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. செறிவு கூடியதும் மூக்கின் மோப்பத்தையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் சேர்ந்தே சாவது இதனால்தான்.

நவம்பர் 6: அளந்து பார்த்தது

இரண்டாம் லாரி வரும் நாளில் ஒரு கட்டடப் பொறியாளரும் வந்தார். மூடிகளைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டார்கள். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. உள்ளே மீத்தேனும் இருக்கும்.

செப்டிக் டேங்க் எப்போதும் வெளிக்குழாய், அதாவது நீர் வெளியேறும் குழாய், மட்டம்வரை நிரம்பித்தான் இருக்கும், இருக்க வேண்டும். மேலே ஏடு, நடுவில் தெளிநீர், அடியில் கசடு. அதனால் “டேங்க் நிறைஞ்சிருச்சு” என்பதிலிருந்து எதுவும் தெரியாது. எந்த மட்டம்வரை நிறைந்திருக்கிறது, கசடு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். அன்று நீர் மட்டம் வெளிக்குழாய்க்கு மேல் ஏழு அங்குலம் நின்றது. ஆக, தடை தொட்டிக்கு அப்பால்.

கசடை அளக்க ஆறடி மூங்கில் கழியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துவாலையைச் சுற்றி நூலால் கட்டி, தரை தொடும்வரை இறக்கி, மூன்று நிமிடம் வைத்து நேராக எடுத்தார்கள். கறுப்பு ஏறியிருந்த உயரம் 16 அங்குலம். மேலே ஏடு 4 அங்குலம். 48 அங்குல நீராழத்தில் இரண்டும் சேர்ந்து 20 அங்குலம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே கசடு எடுக்க வேண்டும். இத்தனைக்கும் ஒன்பது நாள் முன்புதான் லாரி வந்து போயிருந்தது! அடிக் கசடு கெட்டியாக இருந்ததால் முந்தைய லாரி நீரை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இந்த முறை குழாயை அடிவரை இறக்கி, லாரியிலிருந்தே கொஞ்சம் நீரைத் திருப்பி அடித்துக் கசடைக் கலக்கி உறிஞ்சச் சொன்னார்கள். மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழே இறங்கியதும் உறைக்குழியிலிருந்து நீர் திரும்பித் தொட்டிக்குள் கொட்டத் தொடங்கியது. பத்து நிமிடம் நிற்கவில்லை. குழி உறிஞ்சுவதை நிறுத்திவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. லாரி வந்தால் இதை மட்டுமாவது நின்று பார்க்க வேண்டும்.

வெயில் தலைகாட்டியபோது, கிணற்றுக்குள் பார்ப்பது போல, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்பி வெளிக்குழாய் முனையைப் பார்த்தார்கள். அங்கே இருக்க வேண்டிய ‘டீ’, அதாவது முக்கிளைக் குழாயின் கீழ்க்கிளை, உடைந்து காணாமல் போயிருந்தது. ஏட்டுக்கு ஓரடி கீழே போய்த் தெளிநீரை மட்டும் எடுப்பது அந்தக் கிளையின் வேலை. அது இல்லாததால் ஏடும் கொழுப்பும் நேராகக் குழிக்குள் போய், உறைகளின் இடுக்குகளைக் கறுப்புப் பிசினால் அடைத்திருந்தன. 2017இல் லாரிக் குழாய் இடித்து உடைந்திருக்கலாம்.

அடுத்தது ஓட்டுநர் சொன்ன ஊற்று. குழி நீரையும் இழுத்து, வெளிக்குழாய் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு, தொட்டியில் ஒன்றரை அடி நீர் இருக்கும்படி நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம் வீட்டில் யாரும் தண்ணீர் புழங்கவில்லை. மட்டம் 2 அங்குலம் ஏறியது. 7க்கு 3.5 அடிப் பரப்பில் 2 அங்குலம் என்றால் சுமார் 115 லிட்டர். ஒரு நாளைக்கு 1,400 லிட்டர் வேகம். நிலத்தடி நீர் செங்கல் சுவர் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தொட்டி நிறைய நிறைய இந்த வேகம் குறையும். ஆனால் லாரி வந்து காலி செய்யும்போதெல்லாம் வீட்டார் 2,500 ரூபாய் கொடுத்து ஏரித் தண்ணீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலிருந்து போகும் நீரையும் கணக்கிட்டார்கள். ஒன்பது பேரின் கழிவறைப் புழக்கம் ஆளுக்கு 40 லிட்டர் வீதம் 360. மாடிக் குளியல் 300. வாஷிங் மெஷின் 120. மாடி ஃப்ளஷ் டேங்கின் குழாயை மூடி, மஞ்சள் கரைத்துவிட்டுப் பார்த்தபோது கால் மணியில் கோப்பையில் மஞ்சள் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் டேங்கில் இரண்டு லிட்டர் குறைந்தது. நாளைக்கு 48 லிட்டர் ஒழுக்கு. மொத்தம் சுமார் 830 லிட்டர். ஐந்து நாளுக்கு 4,150. தொட்டியும் குழியும் சேர்ந்தால் சுமார் 5,600 லிட்டர் பிடிக்கும். மிச்ச இடத்தை நிலத்தடி நீர் நிரப்பியிருக்கிறது. குழி கொஞ்சமாவது உறிஞ்சியிருந்தால் ஐந்தாம் நாள் அடைத்திருக்காது.

மழை முடியும்வரை

களிமண் ஊறிக் கிடக்கும்போது தோண்டினால் பள்ளம் சரியும், கான்கிரீட்டும் நிற்காது. அதனால் கட்டட வேலையைக் கோடைக்குத் தள்ளி, மழைக்காலத்தைக் கடத்த மட்டும் வழி பார்த்தார்கள்.

ஃப்ளஷ் வால்வின் ரப்பரை மாற்றினார்கள், 120 ரூபாய். துணியை வெளியே சலவைக்குக் கொடுத்தார்கள். மாடிக் குளியல் வாளியில் மட்டும், ஷவர் இல்லை. சேம்பர் மூடி முற்றத் தளத்தைவிட ஓரங்குலம் தாழ்ந்திருந்ததால் மழைநீர் அதில் வடிந்தது. சுற்றிலும் நாலு அங்குல உயரத்துக்குச் செங்கல் வரப்பு கட்டினார்கள்.

தொட்டியை முழுக்கக் காலி செய்யக் கூடாது என்பதும் முடிவாயிற்று. வெளியே நீரழுத்தம் நிற்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் செங்கல் சுவர் உட்பக்கம் பிளக்கும், தளம் மேலே எழும்பும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் அப்படியே மிதந்து குழாய்களைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எனவே தேவைப்படும்போது மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுப்பது என்று வைத்தார்கள். லாரிக்கு உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டுகிறது என்று கேட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணிலும் இதற்குப் பதிவு செய்யலாம்.

இடைவெளி ஐந்து நாளிலிருந்து 12 நாளாயிற்று.

மிக்ஜாம் வாரம்

டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் முற்றத்தில் முக்கால் அடி நீர் நின்றது. தொட்டி மூடிகள் நீருக்குள். கீழ்த்தளக் கழிவறையை மூடி, நானி டிராப்பின் மேலும் கோப்பையிலும் மணல் நிரப்பிய பாலித்தீன் பைகளை வைத்து அழுத்தினார்கள். மாடிக் கழிவறையை மட்டும் மிகக் குறைந்த நீரில் பயன்படுத்தினார்கள். லாரியைக் கூப்பிடவில்லை. முற்றமே நீராக இருக்கும்போது இழுத்தால் அது திரும்பி உள்ளேதான் வரும்.

வெள்ளம் வடிந்த பின் போர்வெல்லில் குளோரின் போட்டார்கள். ஆறு அங்குலத் துளையில் நூறடி நீர் என்றால் சுமார் 550 லிட்டர். அதற்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்தார்கள். அன்றிருந்த கிருமிக்கு அது சரி. 22 அடியில் குழி இருக்கும்வரை நிலையான தீர்வு ஆகாது. ஜனவரியில் கொடுத்த நீர்ப் பரிசோதனையில் மலக் கிருமியான ஈ கோலை இருந்தது. நைட்ரேட் லிட்டருக்கு 68 மில்லிகிராம். குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அனுமதிப்பது 45, ஈ கோலை அறவே கூடாது. இவர்கள் குடிப்பது கேன் தண்ணீர்தான். ஆனால் பாத்திரம் கழுவியதும் பல் தேய்த்ததும் போர் தண்ணீரில். மறுநாளிலிருந்து அவற்றுக்குத் தண்ணீர் லாரியில் வாங்கிய நீரைக் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள்.

பழையதை ஏன் சரிசெய்யவில்லை

மூன்று வழிகள் பேசப்பட்டன. புதிதாக இன்னொரு உறைக்குழி இறக்குவது முதலாவது. செலவு 35,000 ரூபாய், இரண்டு நாள் வேலை. உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இரண்டு மீட்டராவது காய்ந்த மண் வேண்டும். இங்கே மழைக்காலத்தில் குழியே நீருக்குள் நிற்கும். அக்கம்பக்கத்தில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள், நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டே இருக்கிறார்கள்.

பழைய தொட்டிக்கு உட்புறம் நீர்க்காப்புப் பூச்சு கொடுப்பது இரண்டாவது. 14 ஆண்டு கழிவு தேங்கிய தொட்டிக்குள் ஆள் நாள்கணக்கில் இறங்கி வேலை செய்ய வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அது தள்ளப்பட்டது. இருப்பிடமும் பொருந்தவில்லை. கழிவுநீரை மண்ணில் விடும் இடம் குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி, தள்ளி இருக்க வேண்டும்.

எஞ்சியது முன்பக்கம், தெருவோரம், போர்வெல்லிலிருந்து 62 அடியில் புதிய அமைப்பு.

ஏப்ரல் 2024: புதிய தொட்டி, வடிகட்டி, மேட்டுப் பாத்தி

முதலில் குளியல், துணி நீரைக் கழிவறைக் குழாயிலிருந்து பிரித்து வாழைப் பாத்திக்கு விட்டார்கள். மாடிக் கழிவறைக்கு 3, 6 லிட்டர் இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ். தொட்டிக்கு வரும் நீர் நாளைக்கு 350 லிட்டராகக் குறைந்தது. மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு இது, விளைவில் பெரிய பங்கு.

தொட்டி உள்ளளவு 2.3 மீட்டர் நீளம், 1.1 அகலம், நீராழம் 1.3. ஏறத்தாழ 3,290 லிட்டர். ஆறு அங்குலக் கான்கிரீட் சுவர். நுழைவாயிலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் நடுச்சுவர். வெளிக்குழாய் உட்குழாயைவிட 2 அங்குலம் தாழ்வு. இரு முனையிலும் நாலு அங்குல டீ, கீழ்க்கிளை நீருக்குள் ஓரடி. ஒவ்வொரு டீக்கும் நேர்மேலே ஒரு மூடி, கழி விடவும் லாரிக் குழாய் இறக்கவும். காற்றுக் குழாயை மொட்டை மாடிக்கு மேல் இரண்டு மீட்டர் உயர்த்தி, முனையில் கொசுவலை கட்டினார்கள்.

மிதப்புக் கணக்கைப் பலரும் போடுவதில்லை. தொட்டியின் வெளியளவு 2.6, 1.4, ஆழம் 2 மீட்டர். நீர் தரைமட்டம்வரை ஏறினால் மேலெழுப்பும் விசை சுமார் 7.3 டன். கான்கிரீட் சுமார் 3 கன மீட்டர், அதன் எடையும் 7.3 டன்தான். காலியாக இருக்கும் நாளில் இரண்டும் சமம் என்றால் நம்ப முடியாது. அதனால் அடித்தளத்தை நான்கு புறமும் அரையடி நீட்டி, அதன்மேல் மண்ணை இறுக்கினார்கள். அந்த மண்ணின் பாரமும் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். பயன்பாட்டுக்கு முன் தொட்டியை நிரப்பி ஒரு நாள் வைத்து மட்டம் குறியிட்டார்கள். குழாய் நுழையுமிடத்தில் கசிவு தெரிந்தது. அடைத்துவிட்டு மறுபடி சோதித்தார்கள்.

தொட்டியிலிருந்து வரும் நீர் அடுத்த அறையில் கீழிருந்து மேலாக ஒரு மீட்டர் ஜல்லி வழியே ஏறும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களுக்கும் உறிஞ்சாத மண்ணுக்கும் இப்படியொரு மேலேறு வடிகட்டி பொருந்தும். அங்கிருந்து ஒரு சம்ப், ஃப்ளோட் ஸ்விட்ச் (நீர்மட்டம் ஏறினால் மோட்டாரைத் தானே ஓடவிடும் மிதவை) வைத்த அரை எச்.பி. மோட்டார், பிறகு தரைக்கு மேல் இரண்டடி உயர்த்திய பாத்தி. 30க்கு 8 அடி. அடியில் ஓரடி ஜல்லி, மேலே மணல், மண். கல்வாழையும் சேம்பும் நட்டார்கள். கீரை, காய்கறி இதில் கூடாது.

பழைய தொட்டியையும் குழியையும் லாரியால் உறிஞ்சி, சுண்ணாம்பு தூவி, நீர் தேங்காதபடி மேலிருந்தே நீண்ட கடப்பாரையால் தளத்தில் துளையிட்டு, இடிபாட்டையும் மணலையும் கொட்டி மூடினார்கள். மொத்தச் செலவு 2 லட்சத்து 10 ஆயிரம்.

அதன் பிறகு

மே முதல் நவம்பர் இறுதிவரை லாரி வரவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாள்களில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. சம்ப் ஒரு நாள் தாங்கியது, பிறகு வடிகட்டியில் மட்டம் ஏறியது. மின்சாரம் வந்த பிறகும் மோட்டார் ஓடவில்லை. ஃப்ளோட்டின் கயிறு நீளமாக இருந்ததால் அது சுவரோரம் மாட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை லாரி வைத்துச் சம்பை மட்டும் எடுத்தார்கள். கழிவறைகள் ஒரு நாளும் எதிர்த்து வரவில்லை.

2025 ஜனவரியில் துவாலைக் கழியில் கசடு 3 அங்குலம், ஏடு ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இந்த வேகத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கும். ஆனாலும் ஆண்டுதோறும் மழைக்கு முன்பே அளப்பது என்று வைத்திருக்கிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

2021இல் குளியல் நீரைச் சேர்க்காமல் இருந்திருந்தால் பழைய குழி இன்னும் சில ஆண்டு ஓடியிருக்கும், ஆனால் போர்வெல் அப்போதும் கெட்டிருக்கும். முதல் லாரிக்கு முன்பே கழி விட்டுப் பார்த்திருந்தால் ஒன்பது நாளும் ஒரு லாரிக் கட்டணமும் மிச்சம்.

புதிய அமைப்பில் இரண்டு பிழைகள். சம்ப் ஒரு நாள் நீரை ஏற்றால் போதும் என்று கணக்கிட்டார்கள். புயல் வரும் கரையோரத்தில் மூன்று நாள், அதாவது மூன்று மடங்கு கொள்ளளவு வேண்டும். மட்டம் ஏறினால் ஒலிக்கும் மணியும் அப்போதே வைத்திருக்க வேண்டும். 400 ரூபாய்ப் பொருள் அது, ஜனவரியில்தான் வைத்தார்கள்.

போர்வெல் நீரை அதே மாதம் மறுபடி பரிசோதித்தபோது ஈ கோலை இல்லை. நைட்ரேட் 52. மண்ணில் ஏற்கெனவே இறங்கியது கழிந்து போக இன்னும் சில மழைக்காலம் ஆகும். அதுவரை அந்த நீர் தோட்டத்துக்கும் தரை கழுவவும் மட்டும்.